ஒரே ஓட்டு, மூன்று சிறந்த படங்கள்: ரசிகர்கள் நடத்தும் விருதின் உள்கணக்கு

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களின் சினிமாக் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். ஆன்லைனில் சேர்ந்த கூட்டம். ஒயிட்ஃபீல்டில் ஒருவர், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒருவர், மூன்று தலைமுறையாக அல்சூரில் இருக்கும் குடும்பத்துப் பையன் ஒருவர் என்று கலவையான ஆட்கள். பாதிப் பேரை நேரில் பார்த்ததே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை எங்களுக்குள் ஒரு சினிமா விருது நடக்கும். மேடை கிடையாது, கேடயம் கிடையாது, ஜெயித்தவருக்கு ஜெயித்த விஷயமே தெரியாது. ஆனாலும் அந்தச் சில வாரங்களில் நடக்கிற சண்டைக்குக் குறைவில்லை.

எந்த நடிகர் நன்றாக நடித்தார் என்பதில் பெரிய தகராறு வருவதில்லை. எந்தப் படத்தை இந்த ஆண்டுக் கணக்கில் சேர்ப்பது, யாரெல்லாம் ஓட்டுப் போடலாம், போட்ட ஓட்டை எப்படி எண்ணுவது, இதில்தான் ரகளை. அது நியாயமான ரகளைதான். விருது முடிவில் ரசனைக்குப் பாதிப் பங்கு என்றால் மீதிப் பாதி விதிகளுடையது. பெரிய விருதுகளிலும் இதே கதைதான். அங்கே விதிகள் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே.

ரசிகர் ஓட்டில் விருது கொடுப்பது இணையம் வந்த பிறகு முளைத்த பழக்கம் இல்லை. ஃபிலிம்ஃபேர் விருது தொடங்கியதே அப்படித்தான். 1954 மார்ச் 21 அன்று மும்பை மெட்ரோ தியேட்டரில் முதல் விழா நடந்தது. மொத்தமே ஐந்து பரிசுகள், தேர்ந்தெடுத்தவர்கள் பத்திரிகையின் வாசகர்கள். சிறந்த படம் 'தோ பிகா ஜமீன்', சிறந்த இயக்குநர் அதை எடுத்த பிமல் ராய். ரசிகனிடம் ஓட்டைக் கொடுத்தால் மசாலாப் படம்தான் ஜெயிக்கும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம். கடனில் நிலம் கைவிட்டுப் போகாமல் காப்பாற்ற, கல்கத்தாவில் ரிக்‌ஷா இழுக்கும் விவசாயியின் கதை அது.

தமிழில் இதற்கு இணையாகச் சொல்வதானால் ஆனந்த விகடன் மார்க்தான். '16 வயதினிலே' படத்துக்கு விகடன் கொடுத்த 62.5 மார்க்கை, படம் வந்த காலத்தில் பிறக்காதவர்கள்கூட இன்று ஒப்பிக்கிறார்கள். மார்க் போடுவது பத்திரிகை என்றாலும், அதை ஏற்பதா மறுப்பதா என்று வீட்டுக்கு வீடு பேச்சு நடந்தது. பிறகு விஜய் டிவி தன் விருது விழாவில் நடுவர் குழு தரும் பரிசுகளைத் தனியாகவும், மக்கள் ஓட்டில் வரும் 'ஃபேவரிட்' பரிசுகளைத் தனியாகவும் பிரித்து வைத்தது. புத்திசாலித்தனமான ஏற்பாடு. சிறந்த நடிப்பும் பிடித்த நடிகரும் ஒன்றில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி.

அப்புறம் எதற்குத் தனியாக இன்னொரு விருது? ஒரு காரணம் அரசு விருதுகளின் வேகம். தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளில் 2009 முதல் 2014 வரையான ஆறு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் 2017 ஜூலையில் அறிவிப்பு வந்தது. விருதைக் கையில் கொடுத்தது 2022 செப்டம்பரில். 2009-ல் கல்லூரி விடுதியில் உட்கார்ந்து அந்த ஆண்டின் சிறந்த படம் எது என்று அடித்துக்கொண்டவர்களுக்கு, விருது கைமாறும்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு காரணம் தேசிய விருது. அதில் ஓட்டு கிடையாது, நடுவர் குழு உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும். 68-வது தேசிய விருதில் 'சூரரைப் போற்று' சிறந்த படம், சூர்யா சிறந்த நடிகர்களில் ஒருவர், அபர்ணா பாலமுரளி சிறந்த நடிகை என்று அள்ளியபோது எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த ஆண்டே 'ஜெய் பீம்', 'கர்ணன்', 'சார்பட்டா பரம்பரை' மூன்றும் முக்கியப் பரிசுகள் எதுவும் இல்லாமல் நின்றபோது புகைச்சல். நடுவர்கள் தப்பு செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சிறந்த தமிழ்ப் படமாக அவர்கள் எடுத்த 'கடைசி விவசாயி' எந்தப் பட்டியலிலும் நிற்கக்கூடிய படம். ஆனால் சில பேர் பேசி எடுக்கும் முடிவில், நமக்கு உடன்பாடில்லை என்பதைச் சொல்ல ரசிகனுக்கு இடமே இல்லை. சொந்தமாக ஓட்டுப் போட்டுப் பார்த்தால்தான் ஆச்சு.

அந்தக் 'கடைசி விவசாயி'யை வைத்தே முதல் விதிச் சிக்கலைச் சொல்லிவிடலாம். படம் தியேட்டருக்கு வந்தது 2022 பிப்ரவரி 11. தேசிய விருது கிடைத்தது 2021-ஆம் ஆண்டுக்கு. காரணம், தேசிய விருதில் ஆண்டைத் தீர்மானிப்பது ரிலீஸ் தேதி இல்லை, தணிக்கைச் சான்றிதழின் தேதி. நேராக ஓடிடியில் வந்த 'சூரரைப் போற்று' போட்டியில் இருந்ததும் இதனால்தான். தியேட்டரில் ஓடாவிட்டாலும் சான்றிதழ் இருந்தது. ரசிகர் குழு எதுவும் சான்றிதழ் தேதியைத் தேடிக்கொண்டிருக்காது. மக்கள் எப்போது பார்த்தார்களோ அந்த ஆண்டு, அவ்வளவுதான். அதனால் ஒரே படம் அரசுக்கு 2021-லும் எங்களுக்கு 2022-லும் இருக்கும், போட்டியாளர்களும் மாறிப்போவார்கள்.

ஆண்டுக் கடைசியில் வரும் சின்னப் படங்களுக்குத்தான் பெரிய கஷ்டம். 'பார்க்கிங்' 2023 டிசம்பர் 1 அன்று வந்தது. பெரிய நட்சத்திரம் இல்லாத இப்படிப்பட்ட படங்கள் பெங்களூரில் எங்கோ ஒரு மாலில், யாரும் போக முடியாத நேரத்தில் ஒன்றிரண்டு காட்சி ஓடும். சில்க் போர்டு சிக்னலைத் தாண்டிப் போய்ச் சேருவதற்குள் டைட்டில் முடிந்திருக்கும். டிசம்பர் 31 அன்று ஓட்டெடுப்பை வைத்தால் இந்தப் படங்களைப் பாதிப் பேர் பார்த்தே இருக்க மாட்டார்கள். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுவதால், ஓட்டெடுப்பைப் பிப்ரவரிக்குத் தள்ளினால் எல்லாரும் பார்க்க வாய்ப்புக் கிடைக்கிறது. தேதியை மட்டும் நகர்த்தி ஒரு சின்னப் படத்தைக் காப்பாற்றலாம். 'பார்க்கிங்' பிறகு 71-வது தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படமானது, எம்.எஸ். பாஸ்கருக்குத் துணை நடிகர் விருதும் வந்தது.

பெங்களூர்க்காரர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கலும் உண்டு. 'எங்கள் ஊரில் ரிலீஸ் ஆன படங்கள் மட்டும்' என்று விதி எழுதுவது சுலபம். 2025 ஜூனில் அந்த விதி முட்டுச்சந்தில் போய் நின்றது. கன்னட மொழியின் பிறப்பு பற்றிக் கமல்ஹாசன் சொன்ன ஒரு வாக்கியத்தால் எழுந்த எதிர்ப்பில், அவர் நடித்த 'தக் லைஃப்' கர்நாடகத்தில் வெளியாகவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படத்தை இப்படித் தடுக்கக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. இருந்தும் படம் இங்கே தியேட்டருக்கு வரவே இல்லை. எங்களில் பலர் ஓசூர் போய்ப் பார்த்தார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் இருப்பவருக்கு ஹெப்பால் மாலைவிட ஓசூர் பக்கம். மற்றவர்கள் ஜூலையில் நெட்ஃபிளிக்ஸில் பார்த்தார்கள். ஊரில் வராத படத்தை ஊர் விருதில் சேர்ப்பதா? படம் பிடித்ததா இல்லையா என்ற கேள்வியே இதில் வரவில்லை. பலருக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். கடைசியில் 'ரிலீஸ் ஆன' என்பதை எடுத்துவிட்டு 'நாம் பார்க்க முடிந்த' என்று மாற்றினோம்.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை ஒன்பது மணிக்குத்தான் என்று ஆன பிறகு, 2023 ஆகஸ்டில் 'ஜெயிலர்' இங்கே ஆறு மணிக்கே ஓடியது. எல்லையைத் தாண்டி விடியற்காலையில் வண்டி கட்டி வந்தவர்களை அன்று பெங்களூர் தியேட்டர் வாசல்களில் பார்க்கலாம்.

மொழி அடுத்த தலைவலி. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளப் படம், சந்தேகமில்லை. ஆனால் கதை கொடைக்கானல் குணா குகையில் நடக்கிறது, உச்சக் காட்சியில் ஒலிப்பது இளையராஜாவின் தமிழ்ப் பாட்டு, 2024-ல் தமிழ்நாட்டில் டப்பிங் இல்லாமலே பிய்த்துக்கொண்டு ஓடியது. தமிழ் விருதில் இதற்கு இடம் உண்டா? பெங்களூரில் பக்கத்து இருக்கையில் மலையாளி, எதிர் வீட்டில் கன்னடக்காரர், ஆபீஸில் மேலே தெலுங்குக்காரர் என்று வாழ்கிறவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. எங்கள் குழு 'பக்கத்து வீட்டுப் படம்' என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. அந்தப் பிரிவில் விழும் ஓட்டு சில ஆண்டுகளில் முக்கியப் பிரிவைவிட அதிகம் என்பது தமிழ்ப் படங்களைப் பற்றி ஏதோ சொல்கிறது. அதை இங்கே கிளறவில்லை.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

41 பேர் ஓட்டுப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போட்டியில் மூன்று படங்கள்: ஒரு பெரிய ஸ்டார் படம், ஒரு கிராமத்துப் படம், ஒரு த்ரில்லர். ஒவ்வொருவரும் மூன்றையும் வரிசைப்படுத்துகிறார்கள். 16 பேர் ஸ்டார் படத்தை முதலிலும் த்ரில்லரை இரண்டாவதிலும் கிராமத்துப் படத்தைக் கடைசியிலும் வைக்கிறார்கள். 13 பேருக்குக் கிராமத்துப் படம் முதல், த்ரில்லர் இரண்டாவது, ஸ்டார் படம் கடைசி. மீதி 12 பேருக்குத் த்ரில்லர் முதல், கிராமம் இரண்டாவது, ஸ்டார் படம் கடைசி.

நம் தேர்தல் முறையில் எண்ணினால் 16 ஓட்டோடு ஸ்டார் படம் ஜெயித்துவிட்டது. 25 பேர் அதைக் கடைசியில் வைத்திருந்தாலும் கணக்கில் வராது. சரி, ஆஸ்கரில் சிறந்த படத்துக்கு 2009 முதல் பின்பற்றும் விருப்ப வரிசை முறையில் எண்ணுவோம். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. கடைசியில் இருக்கும் த்ரில்லரை நீக்கி, அந்த 12 ஓட்டை அவர்களின் இரண்டாவது விருப்பத்துக்குத் தள்ளுகிறோம். கிராமத்துப் படம் 25, ஸ்டார் படம் 16. ஜெயித்தது கிராமத்துப் படம். இப்போது முதலிடத்துக்கு இரண்டு புள்ளி, இரண்டாமிடத்துக்கு ஒன்று, மூன்றாமிடத்துக்குப் பூஜ்யம் என்று கூட்டுங்கள். ஸ்டார் படம் 32, கிராமம் 38, த்ரில்லர் 53. ஜெயித்தது த்ரில்லர்!

ஒரு ஓட்டுகூட மாறவில்லை. எண்ணும் முறை மாறியது, சிறந்த படமும் மாறிவிட்டது. இதில் எது சரி என்பது நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதிக வெறியர்கள் உள்ள படம் வேண்டுமா, பெரும்பான்மை ஏற்றுக்கொள்ளும் படம் வேண்டுமா, யாரும் பெரிதாக வெறுக்காத படம் வேண்டுமா? என் சாய்வு மூன்றாவது கணக்குக்குத்தான். ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. தன் படத்துக்குப் போட்டியாக இருக்கும் நல்ல படத்தை வேண்டுமென்றே கடைசியில் தள்ளினால் அதன் புள்ளி இறங்கிவிடும். நம் ஆட்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா என்ன.

பத்துக்கு இத்தனை என்று மார்க் போடச் சொன்னால் இந்தத் தொல்லை தீரும் என்று தோன்றும். தீராது, வேறு தொல்லை வரும். 2021 நவம்பரில் 'ஜெய் பீம்' வந்தபோது, பார்த்தவர்கள் மார்க் போடும் ஐஎம்டிபி இணையதளத்தில் 9.6 வாங்கி, 9.3-ல் இருந்த 'தி ஷாஷாங்க் ரிடம்ப்ஷன்' படத்தையே தாண்டியது. உணர்ச்சி வேகத்தில் பத்துக்குப் பத்து போட்டவர்கள் ஒரு பக்கம், எரிச்சலில் ஒன்று போட்டவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் ஏழு, எட்டு என்று நிதானமாகப் போடுகிறவன் ஓட்டுக்கு இழுவை குறைவு. ஐஎம்டிபி தன் முதல் 250 பட்டியலுக்கு இந்தச் சராசரியை அப்படியே எடுப்பதில்லை. ஓட்டு குறைவாக உள்ள படத்தின் மதிப்பெண்ணை எல்லாப் படங்களின் பொதுச் சராசரியை நோக்கி இழுத்துவிடும். குறைந்தபட்ச ஓட்டு எண்ணிக்கையும் உண்டு.

சின்னக் குழுவுக்கு இந்தக் கணக்கு ரொம்பவே தேவை. மூன்று பேர் பார்த்து ஆளுக்கு 9 போட்ட படமும், 35 பேர் பார்த்துச் சராசரி 7.8 வந்த படமும் மோதினால் வெறும் சராசரியில் முதலாவது ஜெயிக்கும். ஒவ்வொரு படத்துக்கும் 6.5 மார்க்கில் பத்து கற்பனை ஓட்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். முதல் படம் 7.1-க்கு இறங்கும், இரண்டாவது 7.5-ல் நிற்கும். மூன்று பேர் பார்த்த படம் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. இன்னும் நாலு பேரைப் பார்க்க வைத்துவிட்டு வா என்று அர்த்தம்.

பார்க்காமல் ஓட்டுப் போடுவது பழைய வியாதி. ஆஸ்கர் அகாடமியே 98-வது விருதிலிருந்துதான், ஒரு பிரிவின் இறுதிச் சுற்றில் ஓட்டுப் போட அந்தப் பிரிவில் உள்ள எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அங்கேயே அந்த நிலை என்றால் நாம் யாரைக் குறை சொல்வது.

ரசிகர் விருதுக்கு உண்மையான எதிரி கூட்டு ஓட்டு. 2022-ல் ஆஸ்கர், ட்விட்டரில் ரசிகர்களின் விருப்பப் படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. ஒருவர் ஒரு நாளைக்கு இருபது ஓட்டு வரை போடலாம். வந்தது 'ஆர்மி ஆஃப் தி டெட்'. அதே ஆண்டு ரசிகர்கள் ஆரவாரம் செய்த காட்சி என்ற பிரிவிலும் அதே இயக்குநர் ஸாக் ஸ்னைடரின் படம்தான். அவருடைய ரசிகர் படை எவ்வளவு கட்டுக்கோப்பானது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். நம்மூரில் தல, தளபதி சண்டையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர்கள் அறிவியல் புனைகதை ரசிகர்கள். 1953 முதல் அவர்கள் மாநாட்டு உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு ஹியூகோ விருது கொடுக்கிறார்கள். 2015-ல் ஒரு கூட்டம் பட்டியல் தயாரித்து, எல்லாரும் அதையே பரிந்துரைக்கும்படி செய்தது. மற்ற ரசிகர்களின் பரிந்துரைகள் நூற்றுக்கணக்கான படைப்புகளில் சிதறிக் கிடந்ததால், சிறுபான்மையாக இருந்தும் இந்தக் கூட்டம் இறுதிப் பட்டியலை நிரப்பியது. கடுப்பான மற்றவர்கள் ஐந்து பிரிவுகளில் 'யாருக்கும் இல்லை' என்பதற்கே ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தார்கள். 2017 முதல் பரிந்துரை எண்ணும் முறையையும் மாற்றினார்கள். ஒருவருக்கு ஒரே புள்ளி. அவர் பரிந்துரைத்தவற்றுக்குள் அது பங்கு பிரியும். பின்தங்கியவை நீங்க நீங்க, மிச்சமிருப்பவற்றின் பங்கு கூடும். எல்லா இடத்தையும் ஒரே பட்டியலால் பிடிப்பது இதில் கஷ்டம். ஆளுக்கு ஐந்து பெயர் எழுதச் சொல்லும் எந்த ரசிகர் குழுவும் இந்த முறையைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஒரு எக்ஸல் ஷீட் போதும்.

பிரிவுகள் விஷயத்தில் ரசிகர் குழுக்களுக்குக் கை சுதந்திரம் அதிகம். பாடல் இசைக்கும் பின்னணி இசைக்கும் தனித்தனியாகத் தேசிய விருது தொடர்ந்து கொடுக்கப்படுவதே 57-வது விருதிலிருந்துதான், அந்த ஆண்டின் பின்னணி இசை விருது 'பழசிராஜா'வுக்காக இளையராஜாவுக்குப் போனது. நம் ஆட்கள் இடைவேளைக் காட்சிக்கே தனி விருது கொடுப்பார்கள், அதற்குத்தான் போட்டியும் அதிகம். மோசமான படத்துக்கு விருது வைப்பதுதான் எனக்கு ஒப்புவதில்லை. அமெரிக்காவில் ராஸி விருதுக்காரர்கள் புரூஸ் வில்லிஸின் மோசமான நடிப்புக்கென்றே தனிப் பிரிவு வைத்து, அவருடைய நோய் வெளியே தெரிந்ததும் திரும்பப் பெற்றார்கள். மறு ஆண்டே ஒரு சிறுமியின் பெயரைப் பரிந்துரைப் பட்டியலில் போட்டுவிட்டு நீக்கினார்கள். எங்கள் குழுவில் 'எதிர்பார்த்து ஏமாந்த படம்' என்று வைத்துக்கொண்டோம்; படத்தைத் திட்டலாம், ஆளைத் திட்டக்கூடாது.

இப்போது புதிதாக ஒரு பஞ்சாயத்து. 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ' பாட்டில் மறைந்த மலேசியா வாசுதேவனின் குரலை ஏஐ மூலம் கொண்டுவந்தார்கள். 'லால் சலாம்' படத்தில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்கள், 'கோட்' படத்தில் பவதாரிணி குரல். எல்லாம் 2024 ஒரே ஆண்டில். சிறந்த பாடகர் பிரிவில் இவர்கள் பெயரை எழுதினால் எண்ணுவதா, வேண்டாமா? பாட்டைப் பாடியது ஒருவர், கேட்பது வேறொருவர் குரல். மலேசியா வாசுதேவன் உயிரோடு இருந்த காலத்தில் அவருக்குத் தேசிய விருது கொடுக்காத குறையை நாமாவது தீர்ப்போம் என்றார் அண்ணன் ஒருவர். அவர் பாடாத பாட்டுக்குக் கொடுப்பது மரியாதையா என்று அல்சூர்த் தம்பி திருப்பிக் கேட்டார். பாட்டு போட்டியில் இருக்கலாம், பாடகர் பட்டியலில் அந்தப் பெயர்கள் வராது என்று இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறோம். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை; அடுத்த ஆண்டு விதிகளை எடுக்கும்போது முதல் ஆளாக இதைத்தான் எழுப்புவேன் என்று சொல்லியிருக்கிறார்.